பூனை மூத்திரத்துக்கு எது சரி: பினாயிலா, வினிகரா, பெராக்சைடா, என்சைமா?

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை ஹால் முழுக்கப் பூனை மூத்திர நெடி. எங்கள் கடுவன் குண்டன் சோபாக் கையில் படுத்தபடி ஒன்றும் தெரியாதவன்போல் பார்த்தான். அன்றைக்கு அவன்மேல் உண்மையிலேயே குற்றமில்லை. அது சித்திரையில் அவன் சுவரோரம் பீய்ச்சியது. ஆறு மாதம் காய்ந்து கிடந்துவிட்டு, காற்றில் ஈரம் ஏறியதும் எழுந்து வந்திருக்கிறது. சித்திரையில் அம்மா ஒரு மூடி பினாயில் ஊற்றித் துடைத்ததோடு விஷயம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அதிலிருந்து ஒரு வருஷமாகத் தரை, சோபா, மெத்தை, கதவு நிலை என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றை ஊற்றிப் பார்த்தாயிற்று. ஒரு பூனை, மணி என்று ஒரு நாட்டு நாய், பாதி மொசைக்கும் பாதி டைல்ஸும் போட்ட பழைய வீடு. சோதித்துப் பார்க்க இடத்துக்குக் குறைவே இல்லை. கடையில் எந்த பாட்டிலை எடுப்பது என்று தடுமாறுகிறவர்களுக்கு இது உதவலாம்.

நாறுவது எது?

புதுச் சிறுநீரில் பெரிய வாடை கிடையாது. அதிலிருக்கும் யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அமோனியா வருகிறது. கண்ணைக் கரிக்கும் அந்த நெடி அதுதான். நாயைப் பொறுத்தவரை கதை ஏறக்குறைய இவ்வளவே. பூனைக்கு இன்னொன்று உண்டு. அதன் சிறுநீரில் ஃபெலினைன் என்று கந்தகம் சேர்ந்த ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. அது மெல்ல மெல்ல உடைந்து தயால் என்ற வகைச் சேர்மமாகிறது. துளியிலும் துளி இருந்தாலே மூக்கில் ஏறுகிற ஜாதி. சமையல் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று சிலிண்டரில் கலக்கிறார்களே, அதுவும் ஒரு தயால்தான். கருத்தடை செய்யாத கடுவனின் சிறுநீரில் ஃபெலினைன் மிக அதிகம். குண்டனுக்குக் கருத்தடை செய்த பிறகு அவன் பீய்ச்சுவது நின்றது, மணல் தட்டின் நெடியும் பாதியாகக் குறைந்தது.

இங்கே ஒரு சிறு விலகல். பல பாட்டில்களின் லேபிளில் 'யூரிக் அமிலப் படிகங்களை உடைக்கும்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். பூனையும் நாயும் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியை அலன்டாயின் என்ற, தண்ணீரில் கரையக்கூடிய பொருளாக மாற்றித்தான் கழிக்கின்றன. சிறுநீரில் யூரிக் அமிலத்தை நிறைய விடுவது நாம்தான், பிறகு நாய்களில் டால்மேஷன். ஆகவே அந்த வாசகத்தை மட்டும் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம்.

நமக்கு இதில் தேவைப்படுவது இவ்வளவு: அமோனியாவை ஓர் அமிலம் அடக்கிவிடும். தயாலை அமிலத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதை ஆக்சிஜனேற்றம் செய்து மாற்ற வேண்டும், அல்லது அது உருவாவதற்கு முன்பே மூலப்பொருளை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். நாய் வீட்டில் வேலை செய்த வைத்தியம் பூனை வீட்டில் தோற்பது இதனால்தான்.

பினாயில்

எல்லா வீட்டிலும் இருப்பது, எல்லோரும் முதலில் எடுப்பது, நான் கடைசி இடத்தில் வைப்பது.

வாடையை அது எடுப்பதில்லை. தன் வாடையை மேலே போர்த்துகிறது. நமக்குப் பைன் வாசனை வருகிறது. பூனைக்கும் நாய்க்கும் அடியில் இருப்பது அப்படியே தெரிகிறது, அதே இடத்துக்குத் திரும்பி வருகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், பூனைக்கு அது விஷம். கருப்பு பினாயிலில் இருப்பது நிலக்கரித் தாரிலிருந்து வரும் ஃபீனால் வகைகள். டெட்டாலில் இருக்கும் குளோரோசைலினாலும் ஃபீனால் குடும்பம்தான். இவற்றைக் கழித்து வெளியேற்ற வேண்டிய ஈரல் வேலை பூனைக்குப் பிறவியிலேயே குறைவு. ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். ஈரத் தரையில் நடந்துவிட்டு உட்கார்ந்து பாதத்தை நக்குகிற பிராணி அது. வெள்ளை பினாயிலில் உள்ள பைன் எண்ணெயும் அதற்கு நல்லதில்லை.

மூன்றாவதாக ஒன்று. பினாயில் ஊறிய இடத்தில் பிறகு என்சைம் திரவத்தை, அதாவது செல்லப்பிராணிக் கடையில் விற்கிற பாக்டீரியா கலந்த திரவத்தை ஊற்றினால், அந்தப் பாக்டீரியா பிழைக்காது. எங்கள் சோபா மூலையில் முதல் என்சைம் பாட்டில் வீணானது இப்படித்தான். பாட்டிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றம் அதற்கு முந்தின வாரம் நாங்கள் போட்ட பினாயிலில்.

ப்ளீச்சிங் பவுடரும் திரவ ப்ளீச்சும் இதைவிட ஆபத்து. சிறுநீரில் அமோனியா இருக்கிறது. ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரமைன் புகை வரும். மாடியில் நாய் போகிற மூலையில் பவுடரைத் தூவிவிட்டு இருமிக்கொண்டே கீழே இறங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கழிவறை ஆசிட்டோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும்.

வினிகர், எலுமிச்சை, வீட்டு 'பயோ என்சைம்'

இந்த மூன்றும் வேறு வேறு என்று நினைக்கிறோம். வேலை ஒன்றுதான்: மூன்றும் அமிலம். சமையல் வினிகரில் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். சம அளவு தண்ணீர் கலந்து தெளித்தால் பழைய அமோனியா நெடி மளமளவென்று அடங்கும். நாய் மூத்திரத்துக்கு, அதுவும் துவைக்கக்கூடிய துணிக்கு, இதைவிடச் சல்லிசான வழி இல்லை. மணியின் படுக்கை விரிப்பை நான் இன்னும் இப்படித்தான் அலசுகிறேன். கடைசி அலசலில் அரைக் கோப்பை வினிகர் போதும்.

தரைக்கு வரும்போதுதான் நம் ஊர் வீடுகளில் கவனம் வேண்டும். கடப்பாக் கல் என்பது சுண்ணாம்புக் கல். கோட்டா கல்லும் அப்படியே. மொசைக் என்பது சிமென்ட்டில் பதித்த பளிங்குச் சில்லு. பளிங்கு எல்லோருக்கும் தெரியும். இவை எல்லாவற்றையும் அமிலம் அரிக்கும். நான் அலமாரிக் கடப்பாப் பலகையில் எலுமிச்சை மூடியைத் தேய்த்து அரை மணி நேரம் விட்டேன். நெடி குறைந்ததா என்று பார்ப்பதற்குள் கல்லின் மினுமினுப்பு போய், மூடி தேய்ந்த வட்டம் வட்டமாகச் சாம்பல் தடம். இன்றும் விளக்கு வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் தெரியும். கிரானைட்டுக்கும் விட்ரிஃபைட் டைல்ஸுக்கும் இந்தப் பயம் குறைவு. ஆனால் டைல்ஸ் இடுக்கில் அடைத்திருக்கிற வெள்ளை சிமென்ட்டை வினிகர் மெல்லத் தின்னும்.

பழத்தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்து பங்கு போட்டு மூன்று மாதம் புளிக்க வைக்கிற பயோ என்சைமை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பலர் காய்ச்சி விநியோகிக்கிறார்கள். தரை துடைக்க நல்ல பொருள். பெயரைப் பார்த்து, கடையில் விற்கிற என்சைம் பாட்டிலுக்கு மாற்று என்று நினைக்க வேண்டாம். நடைமுறையில் அது ஆரஞ்சு வாசனை போட்ட புளிக்காடி. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெயும் பூனைக்கு ஒவ்வாது.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு மிச்சம் இருப்பது உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று. சோடா வேண்டுமென்றால் தனியாகத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் கூட்டி எடுங்கள். ஈரத்தை உறிஞ்சும், கொஞ்சம் வாடையையும் இழுக்கும். அவ்வளவுதான் அதன் சக்தி.

ஹைட்ரஜன் பெராக்சைடு

இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. வட அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு விலங்கு. மிரண்டால் பின்புறமிருந்து சகிக்க முடியாத திரவத்தைப் பீய்ச்சும். அந்த நாற்றத்தின் மூலமும் தயால்தான். இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வேதியியலாளர் பால் கிரேபாம், தன் ஆய்வகத்தில் கந்தக வாடையை அடக்க வைத்திருந்த முறையை மென்மையாக்கி, ஸ்கங்க் பீய்ச்சிய பூனையோடு அவதிப்பட்ட சக ஊழியருக்குக் கொடுத்தார். 1993இல் அது ஒரு வேதியியல் வார இதழில் வெளிவந்து உலகம் முழுக்கப் பரவியது. 3 சதவீதப் பெராக்சைடு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன். பெராக்சைடு தயாலை வாடையில்லாத வேறு பொருளாக மாற்றுகிறது. இதைக் கலந்து பாட்டிலில் அடைத்து விற்க முடியாது, வாயு கிளம்பி பாட்டில் வெடித்துவிடும். அதனாலேயே கடைக்கு வராமல் வீட்டு வைத்தியமாகவே நின்றுவிட்டது.

பூனை மூத்திரத்தில் நாறுவதும் தயால் என்பதால் இங்கேயும் அதே கணக்கு. நம் மருந்துக்கடைகளில் புண் கழுவக் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். லேபிளில் '20 வால்யூம்' என்றும் இருக்கும். சம அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதம் ஆகிவிடும். அப்படியே போட்டால் விரல் நுனி வெளுத்து எரியும்.

ஹாலில் டைல்ஸ் இடுக்கில் இதைச் செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். தரை ஒரே மாதிரி சுத்தமாகத்தான் இருந்தது. பழைய பல் துலக்கியால் இடுக்கு நெடுகக் கலவையைத் தடவினேன். சுவரிலிருந்து இரண்டாவது டைல்ஸ் வரைக்கும் அந்தக் கோடு மட்டும் சின்னச் சின்ன வெள்ளை நுரையாகப் பொரிந்தது. பக்கத்துக் கோடு சும்மா ஈரமாக இருந்தது. எதுவரை ஊறியிருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டியதுபோல் இருந்தது. பதினைந்து நிமிடம் விட்டுத் துடைத்தேன். மறுநாள் இன்னொரு தடவை. அதோடு அந்த இடத்தில் நெடி முடிந்தது.

குறை என்னவென்றால் இது சாயம் போக்கும். வெள்ளை சிமென்ட், வெளிர் டைல்ஸ், வெள்ளைப் பருத்தித் துணி என்றால் தைரியமாகப் போடலாம். நிறத் துணியில் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். பட்டு, கம்பளி, தோல், பாலிஷ் போட்ட மரம் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தரை காயும்வரை பிராணிகள் வேறு அறையில் இருக்கட்டும்.

என்சைம் பாட்டில்

செல்லப்பிராணிக் கடைகளிலும் ஆன்லைனிலும் அரை லிட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பட்டியலிலேயே விலை கூடியது இதுதான். பலவற்றில் இருப்பது உறக்கநிலையிலுள்ள பாக்டீரியா. ஈரம் கிடைத்ததும் அது விழித்து, தனக்கு வேண்டிய என்சைம்களைச் சுரந்து, அழுக்கைத் தின்கிறது. அதனால் நேரம் பிடிக்கும். தெளித்த இரண்டாவது நிமிடத்தில் துடைத்தால் காசு தண்டம்.

பயன்படுத்துவதில் பெரும்பாலானோர் கோட்டை விடுவது அளவில். பூனை விட்டது ஐம்பது மில்லி என்றால், பஞ்சுக்குள் அது போன ஆழம்வரை இந்தத் திரவமும் போக வேண்டும். மேலே நாலு தடவை ஸ்ப்ரே அடித்தால் போகாது. ஊற்ற வேண்டும். நம் வெயிலில் அது ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். நான் ஊற்றியபின் ஒரு பாலிதீன் உறையை விரித்து ஓரத்தில் புத்தகங்களை வைத்து ஒரு நாள் மூடிவிடுகிறேன். நடுவில் நெடி கொஞ்சம் கூடுவதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். பிறகு உறையை எடுத்து ஃபேனைப் போட்டுக் காயவிட வேண்டும். வெந்நீர் கூடாது. பாக்டீரியாவுக்கும் ஆகாது, கறையிலுள்ள புரதமும் துணியில் இறுகிவிடும்.

எந்த பாட்டில்? வாசனை தூக்கலாக இருப்பதைத் தவிர்க்கிறேன். பாக்டீரியாவோ என்சைமோ இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், கடைக்காரர் வெயிலில் வைத்திருக்கக் கூடாது. கல்லையும் மரத்தையும் இது அரிக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே மொசைக் வீட்டுக்காரர்கள் விலையைப் பார்க்காமல் வாங்கலாம்.

மெத்தையும் சோபாவும்

தரை எளிது. மெத்தைதான் கண்ணீர். முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டால் எந்த பாட்டிலும் அவசரமில்லை. பழைய துண்டை மடித்து வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள், துண்டை மாற்றி மாற்றி. தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பரவும். பிறகு கொஞ்சம் பச்சைத் தண்ணீர், மறுபடி துண்டு, அதன்பின் என்சைம்.

ஃபோம் மெத்தையில் பழசாக ஊறியதை முழுக்க எடுக்க முடிந்ததாக எனக்கு அனுபவமில்லை. என்சைமை ஆழமாக ஊற்றி இரண்டு நாள் வெயிலில் போட்டால் படுக்கிற அளவுக்குத் தேறும். மழைக்காலத்தில் இதை ஆரம்பிக்க வேண்டாம், உள்ளே பூஞ்சை பிடிக்கும். தென்னை நார் மெத்தை என்றால் நான் மனதைத் தேற்றிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடுவேன். இலவம்பஞ்சு மெத்தை வைத்திருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உறையைப் பிரித்து, நனைந்த பஞ்சை மட்டும் எடுத்துப் போட்டு, மிச்சத்தை மொட்டை மாடியில் காயவைத்து அடித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். ரெக்சின் சோபாவைத் துடைத்தால் போதும் என்று தோன்றும். தையல் ஓட்டை வழியாக உள்ளே இறங்கியிருக்கும், பின்பக்கத் துணியைப் பிரித்துப் பாருங்கள்.

மணி ஒருமுறை மஞ்சள் போட்ட கறிச்சோற்றை வெள்ளை விரிப்பில் வாந்தி எடுத்தான். அவசரத்தில் சோப்புப் போட்டேன், கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. மஞ்சளோடு காரம் சேர்ந்தால் அப்படித்தான். பதற வேண்டாம், அலசி வெயிலில் போட்டால் போதும். மஞ்சள் சாயத்தை வெயில் தின்றுவிடும்.

நான் வைத்திருப்பது

கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு ஒன்று. எந்த பாட்டிலை வாங்கும் முன்பும் இதை வாங்கச் சொல்வேன். இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அடித்தால், பழைய மூத்திரம் வெளிறிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். நான் துடைத்துக்கொண்டிருந்தது சோபாவின் முன்பக்கம். ஒளிர்ந்தது பின்பக்கச் சுவரில் ஒரு முழ உயரத்திலிருந்து தரைவரை வழிந்த மூன்று கோடுகள். சோப்புத் தூளும் இதில் ஒளிரும், எனவே முகர்ந்தும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதோடு மருந்துக்கடைப் பெராக்சைடு ஒரு பாட்டில், என்சைம் ஒரு பாட்டில், துணிக்கு மட்டும் வினிகர். நாய் மட்டும் உள்ள, விட்ரிஃபைட் டைல்ஸ் போட்ட வீடு என்றால் என்சைம் வாங்க வேண்டியதில்லை. தண்ணீர், கொஞ்சம் பாத்திர சோப்பு, நெடி பழசாகிவிட்டால் வினிகர், இவையே போதும். பூனையும் மெத்தையும் சேர்ந்துவிட்டால் என்சைம் தவிர வேறு வழியில்லை. பூனையும் வெளிர் டைல்ஸும் என்றால் பெராக்சைடு முந்தும், விலையும் குறைவு. பினாயில் பாட்டில் எங்கள் வீட்டில் இப்போது வாசல் சாக்கடைக்கு மட்டும்.

ஒழுங்காக மணல் தட்டில் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று வெளியே போக ஆரம்பித்தால், துடைப்பத்தைத் தேடும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். கடுவன் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்து ஒன்றும் வராமல் எழுந்தால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். மறுநாள்வரை காத்திருக்கக் கூடாத விஷயம் அது.

இந்த ஐப்பசியிலும் நாலு நாள் ஜன்னல் மூடிக் கிடந்தது. ஹாலில் ஒன்றுமில்லை, சோபா மூலையில் குனிந்து முகர்ந்தும் ஒன்றுமில்லை. பூஜை அறை நிலைக்கட்டையில் மட்டும் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு லேசாக வருகிறது. பாட்டன் காலத்துத் தேக்கு. பெராக்சைடு போட்டால் வெளுக்கும், என்சைம் இரண்டு பாட்டில் ஆயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அந்த மூலைக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுற்று சாம்பிராணி காட்டுகிறார். குண்டன் தும்மிக்கொண்டே எழுந்து போகிறான்.